விஞ்ஞானமும் நம்பிக்கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இவ்விழாவிலே பேசவேண்டுமெனச் செயலாளர் எம்மைக் கேட்டபோது, பொருளை நாமே தெரிந்துகொள்ளலாம் என்றும் கூறினார். பொருள் தேடி நாம் அலைய நேரவில்லை. சில மாதங்களுக்கு முன் இதே மண்டபத்தில் நடந்த சைவசித்தாந்த வகுப்பிலே எழுந்த வினாவொன்று அன்றுதொட்டு எம் மனத்தை விட்டு அகலாதிருக்கின்றது. அதனையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

அன்று வகுப்பிலே புதுவருடப் பிறப்புப் பற்றிப் பேச்சு வந்தது. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் கூறுகின்றது. திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைக் கூறுகின்றது. எதைக் கொள்வது என்று ஒருவர் கேட்டார். உடனே, விஞ்ஞானம் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, “ஐயா, இதற்கு விஞ்ஞானத்தைக் கேட்டால் விடை கிடைக்கும். கண்ணாற் கண்டு நிரூபித்ததை மாத்திரமே நான் ஏற்பேன். மற்றவையெல்லாம் வெறும் நம்பிக்கை” என்றார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “தம்பி, நீர் அணுவைக் கண்ணாற் கண்டீரோ? புத்தகத்திற் கிடந்ததை நம்பித்தானே பரீட்சை எழுதுகிறீர்? உம்முடைய விஞ்ஞானமும் நம்பிக்கைதான்” என்றார்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம், கையுந் தட்டினோம். இளைஞர் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்போதுதான், நாம் எதற்குக் கைதட்டினோம் என்று எம்மை நாமே கேட்கத் தொடங்கினோம். பெரியவர் சொன்னது உண்மையா? உண்மையாயின் எவ்வளவு தூரம் உண்மை?

முதலில், இளைஞர் கூற்றை எடுத்துக்கொள்வோம். கண்டதையே ஏற்பேன் என்பது புதிய கொள்கையன்று. நமது நாட்டுத் தத்துவ நூல்கள் இக்கொள்கையை உலகாயதம் என்று பெயரிட்டு அழைத்தன. 13ஆம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம் முதலில் எடுத்து ஆராய்வது இந்த உலகாயதனுடைய கொள்கையைத்தான். சுபக்கமோ கடவுளைப் பற்றிப் பேசுதற்கு முன்னரே அளவையைப் பற்றிப் பேசுகின்றது. ஒன்றை அறிந்தோம் என்று சொல்லுமுன், எவ்வழியால் அறிந்தோம் என்று சொல்லவேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த ஒழுங்கு. காட்சி, கருதல், உரை என்பன அவ்வழிகள். காட்சியென்பது பொறிபுலன்களால் நேரே அறிவது. கருதலென்பது புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போன்ற அனுமானம். உரையென்பது தக்கோர் வாய்மொழி.

காட்சி மாத்திரமே போதும் என்றால் விஞ்ஞானம் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது. இன்று அடுப்பில் வைத்த நீர் கொதித்தது, நேற்றுங் கொதித்தது. நாளையுங் கொதிக்கும் என்பதை எவர் கண்டார்? நாளை இன்னும் வரவில்லையே. “புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்கிறீர்களே, எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்தீர்களா?” என்று உலகாயதர் பழங்காலத்திலேயே கேட்டனர். அதே கேள்வியை ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் ஹியூம் 1739இல் வெளிவரத் தொடங்கிய தமது நூலிலே மேனாட்டார் முன் வைத்தார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு நியாயம் என்ன? இதுவரை அவ்வாறே நடந்து வந்தது என்று விடை கூறினால், எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே சான்றாகக் கொள்கின்றோம். ஹியூம் இதற்குத் தர்க்கத்தால் விடை காணவில்லை. மனிதன் பழக்கத்தினால் அவ்வாறு எதிர்பார்க்கின்றான் என்றே கூறினார்.

நமது நையாயிகர் இதற்கு வேறொரு வழியால் விடையளித்தனர். ஐயத்துக்கும் ஓர் எல்லையுண்டு என்றார் நியாயகுசுமாஞ்சலி செய்த உதயணர். தன் செயலோடு முரண்படும் இடத்தில் ஐயம் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. 14ஆம் நூற்றாண்டினரான கங்கேசர் இதனை மேலும் விளக்கினார். புகை வேண்டியவன் நெருப்பைத் தேடிப் போகின்றான். பசித்தவன் உணவைத் தேடுகின்றான். தன் கருத்தைப் பிறருக்கு அறிவிக்க விரும்புபவன் சொல்லைத் தேடுகின்றான். இவ்வாறு நடந்துகொண்டே, “காரணத்தால் காரியம் விளையும் என்பது எனக்குச் சந்தேகம்” என்று வாயாற் சொல்வது பொருளற்றது. ஆனாலும் இவ்விடையை ஊன்றிப் பார்த்தால், இயற்கை ஓர் ஒழுங்கின்படி இயங்கும் என்ற நம்பிக்கையின்றி வாழ முடியாது என்பதே தெளிவாகும். அந்த ஒழுங்கு என்றும் மாறாது என்பது அதனால் நிரூபிக்கப்பட்டதாகாது. ஆகவே விஞ்ஞானத்தின் அத்திவாரத்தில் ஒரு நம்பிக்கை இருக்கின்றது என்பதை ஒப்புக்கொள்வோம்.

உரைக்கு வருவோம். 1660இல் இலண்டனிலே தொடங்கிய றோயல் சங்கம், எவருடைய வார்த்தையையும் ஆதாரமாகக் கொள்வதில்லை என்ற பொருள்பட்ட இலத்தீன் வாசகத்தைத் தன் விருதுவாக்கியமாகக் கொண்டது. நல்ல வாக்கியந்தான். ஆனால் பிறர் வார்த்தையைக் கொள்ளாமல் எந்த விஞ்ஞானியாலும் வேலை செய்ய முடியாது. 2015 செப்டெம்பர் 14ஆந் திகதி, அமெரிக்காவில் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரண்டு நிலையங்கள் ஈர்ப்பு அலையொன்றை முதன்முதலாகப் பதிவுசெய்தன. 4 கிலோமீற்றர் நீளமான கருவியிலே உண்டான அசைவு, அணுவின் கருவிலுள்ள ஒரு புரோத்தனின் குறுக்களவிலும் மிகச் சிறியது. 2016இல் வெளிவந்த கட்டுரையிலே ஆயிரம் பேரளவில் ஒப்பமிட்டிருந்தனர். கண்ணாடியைச் செப்பஞ் செய்தவருக்குக் கணக்குச் செய்தவரின் வேலை முழுதுந் தெரியாது. கணக்குச் செய்தவருக்குக் கண்ணாடியின் நுட்பம் முழுதுந் தெரியாது. ஒருவர் வார்த்தையை ஒருவர் நம்பியே அந்தப் பெருங் காரியம் நிறைவேறியது.

எனவே காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் விஞ்ஞானத்துக்கும் வேண்டும். “கண்டதை மாத்திரமே ஏற்பேன்” என்ற இளைஞர் தமது விஞ்ஞானத்தையே குறைத்து மதிப்பிட்டார். இவ்வளவில் பெரியவர் வென்றார் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. “விஞ்ஞானமும் நம்பிக்கைதான்” என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விட்டால், ஒரு பெரும் வேறுபாட்டைக் காணாது போய்விடுவோம். அவ்வேறுபாட்டைக் காட்டுதற்கு ஒரு மனிதருடைய வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

பிரான்ஸ் நாட்டிலே லெவெரியே என்னும் வானநூற் கணிதர் ஒருவர் இருந்தார். 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் என்னுங் கிரகம், நியூற்றனின் விதிகளின்படி போகவேண்டிய பாதையிலிருந்து சிறிது விலகிச் சென்றுகொண்டிருந்தது. விதி பிழையாக இருக்குமோ என்று ஐயுற்றோரும் உண்டு. லெவெரியே விதியை நம்பினார். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிரகம் அப்பால் நின்று யுரேனசை இழுக்கின்றது என்று கருதி, அது நிற்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டார். இங்கிலாந்திலே அடம்ஸ் என்பவரும் அதே கணக்கைத் தனித்துச் செய்துகொண்டிருந்தார். லெவெரியே எழுதிய கடிதம் 1846 செப்டெம்பர் 23ஆந் திகதி பேர்லின் நகர வான ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிடைத்தது. அன்றிரவே காலே என்பவர் தொலைகாட்டியை அந்தத் திசைக்குத் திருப்பினார். குறித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள் புதிய கிரகம் நின்றது. அதுவே நெப்தியூன். எழுதுகோலின் நுனியினால் ஒரு கிரகத்தைக் கண்டவர் என்று உலகம் லெவெரியேயைப் புகழ்ந்தது.

இப்போது கதையின் இரண்டாம் பாகத்தைக் கேளுங்கள். சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள புதன் என்னுங் கிரகமும் கணக்குக்குச் சற்றே மாறாக நடந்தது. அதன் பாதை ஒரு நூற்றாண்டில் ஏறக்குறைய 43 விகலை மேலதிகமாகத் திரும்புகின்றது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. ஆகவே ஒரு பாகை பிசகுவதற்கு 8,000 ஆண்டுகளுக்கு மேற் செல்லும். அவ்வளவு சிறிய பிசகு அது. 1859இல் லெவெரியே இதனை வெளியிட்டபோது, முன்போலவே விதியை நம்பினார். புதனுக்கும் சூரியனுக்கும் இடையில் வேறு கிரகமோ சிறு கிரகக் கூட்டமோ இருக்கவேண்டும் என்றார். அவ்வாண்டிலேயே நாட்டுப்புற வைத்தியர் ஒருவர் சூரியன் மேல் ஒரு கரும்புள்ளி கடந்து சென்றதைக் கண்டதாக அறிவித்தார். லெவெரியே நேரிற் போய் விசாரித்து, அவர் சொல்லை ஏற்றுக்கொண்டார். அந்தக் கிரகத்துக்கு வல்கன் என்ற பெயரும் வழங்கலாயிற்று. கிரகண காலங்களிலே பலர் அதனைத் தேடினர். 1878இல் அமெரிக்காவில் தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தின்போது கண்டுவிட்டோம் என்று சொன்னவர்களும் இருந்தனர். ஆனால் அதனை உறுதிப்படுத்த எவராலும் இயலவில்லை. லெவெரியே 1877இல் இறந்தார். அந்த நாளும் செப்டெம்பர் 23ஆகவே அமைந்தது.

1915 நவம்பரிலே ஐன்ஸ்ரைன் தமது புதிய ஈர்ப்புக் கொள்கையினால் அந்த 43 விகலையைக் கணக்கிட்டுக் காட்டினார். புதிய கிரகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நியூற்றனின் விதியே சூரியனுக்கு அண்மையில் முற்றிலும் பொருந்தாதிருந்தது. வல்கன் இல்லாத கிரகம்.

அன்பர்களே, இங்கே சிறிது நிற்போம். 1846இல் லெவெரியேயிடம் இருந்த நம்பிக்கையும் 1859இல் அவரிடம் இருந்த நம்பிக்கையும் வெவ்வேறல்ல. மனிதர் ஒருவரே, விதி ஒன்றே, கணிதம் ஒன்றே, உள்ளத்தின் உறுதியும் ஒன்றே. ஒரு முறை அது நெப்தியூனைக் கொடுத்தது. மறுமுறை இல்லாத ஒன்றைக் கொடுத்தது. உள்ளே இருந்துகொண்டு பார்த்தால் இவ்விரண்டையும் வேறுபிரிக்க அவராலேயே இயலவில்லை. நம்பிக்கையின் உறுதி அந்நம்பிக்கையின் உண்மைக்குச் சான்றாகாது. இதனை விஞ்ஞானியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சமயியும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் வேறுபாட்டைச் செய்தது எது? லெவெரியே தமது நம்பிக்கையை வானத்திலே ஓர் இடமாகக் குறித்துக் கொடுத்தார். “இங்கே பார், இருந்தால் யான் சொன்னது சரி, இல்லாவிட்டால் பிழை” என்று எவரும் சோதிக்கத்தக்க முறையிலே சொன்னார். அதனாலேயே அவர் வென்றதும் தெரிந்தது, தோற்றதும் தெரிந்தது. அவரை வியந்தவர்களே வல்கனைத் தேடினார்கள். காணாதபோது இல்லையென்று எழுதினார்கள். நியூற்றனுடைய பெயருக்குள்ள பெருமை கருதி, அந்த 43 விகலையை எவரும் மறைத்து வைக்கவில்லை. விஞ்ஞானம் நம்பிக்கையிலிருந்து புறப்படுகின்றது என்பது மெய். ஆனால் தான் எவ்விடத்தில் தோற்கக்கூடும் என்பதை முற்கூட்டியே அறிவித்துவிட்டுப் புறப்படும் நம்பிக்கை அது.

முற்கூறிய ஈர்ப்பு அலை ஆய்வாளர்களும் இதற்கு நல்ல உதாரணமாவர். 2010இல் அவர்களுட் சிலர், மற்றவர்களுக்குத் தெரியாமல், கருவிக்குள்ளே பொய்யான அடையாளமொன்றைச் செலுத்தினர். குழுவினர் பல மாதங்களாக அதனை ஆராய்ந்து கட்டுரையும் ஆயத்தஞ் செய்தபின், 2011இலே அது சோதனைக்காக வைக்கப்பட்டது என்று வெளிப்படுத்தினர். தம் உழைப்பையும் தம் ஆர்வத்தையும் தாமே இவ்வாறு சோதனைக்குட்படுத்துவது எளிய காரியமா? ஒருவர் சொல்லை ஒருவர் நம்பினர் என்று மேலே சொன்னோம். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை இது.

நம்மவரிடத்தும் இதற்கு ஒரு கதை உண்டு. முன்னர் சென்னை வான ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ஜோன் வாறன் என்பவர், தமிழர் பஞ்சாங்க முறைகளை ஆராய்ந்து 1825இல் காலசங்கலிதம் என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியிலே அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்க கணிதரைச் சந்தித்தார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் இன்றி, சோகிகளை நிலத்தில் வைத்தெண்ணி, மனப்பாடஞ் செய்திருந்த வாக்கியங்களின் துணைகொண்டு, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அந்த வாக்கியங்களிலே எழுத்துக்கள் எண்களைக் குறிப்பன. 1825 மே 31ஆந் திகதி இரவு நிகழ்ந்த அக்கிரகணத்தின் தொடக்கத்துக்கு அவர் சொன்ன நேரம் 4 நிமிடமே பிசகியது. முடிவுக்கு 52 நிமிடம் பிசகியது. இத்தனைக்கும் அக்கணக்கின் காரணங்களை அவர் அறிந்திருக்கவில்லை என்று வாறன் எழுதினார்.

இதனை வாசிக்கும்போது எமக்குப் பெருமிதமும் உண்டாகின்றது. ஒரு துக்கமும் உண்டாகின்றது. பல நூறாண்டுகளுக்கு முன் வானத்தை நேரிற் கண்டு, கணக்கைத் திருத்தி, அதனை வாக்கியமாகக் கட்டிய பெரியோர் எவ்வளவு நுண்ணறிவுடையவர்கள்! அவ்வாக்கியங்களை எழுத்துப் பிசகாது காத்து வந்த பரம்பரை எவ்வளவு நேர்மையுடையது! அந்த உரை வெறும் கட்டுக்கதையாயின் கிரகணம் அன்றிரவு வந்திராது. ஆனால் 52 நிமிடப் பிசகைக் கண்டபோது, அதனைத் திருத்தும் வழி அக்கணிதரிடம் இல்லை. முன்னோர் முடிவைக் காத்தோம். அம்முடிவுக்கு அவர்கள் வந்த வழியைக் காக்கத் தவறிவிட்டோம்.

திருக்கணிதம் என்ற பெயரைக் கவனியுங்கள். திருக் என்பது வடமொழியிலே பார்வையைக் குறிப்பது. கண்ணாற் காண்பதோடு ஒத்துவரும் கணிதம் என்பதே அதன் பொருள். வாக்கியத்தையும் ஆதியில் ஒருவர் வானத்தைப் பார்த்தே வகுத்தார். ஆகவே இவ்விரு பஞ்சாங்கங்களையும், பழமையும் புதுமையும் மோதுவதாகக் கொண்டு நாம் வீட்டுக்கு வீடு பிணங்கவேண்டியதில்லை. கிரகண நேரத்தைப் பொறுத்தமட்டில் எது வானத்தோடு ஒத்துவருகின்றது என்பதை வானமே காட்டும். விரதத்தை எந்நாளில் அநுட்டிப்பது என்பதோ வேறு வினா. அது மரபையும் கோயில் வழக்கத்தையும் பொறுத்தது. அதற்கு விடை கூறத் தொலைகாட்டிக்கு உரிமையில்லை.

இனி, பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை பணிவுடன் கூற விரும்புகின்றோம். நம்பிக்கை என்ற ஒரே சொல்லைத் தமிழிலே பல பொருளில் வழங்குகின்றோம். தோணிக்காரனை நம்பி ஏறுகின்றோம். வதந்தியை நம்பி ஓடுகின்றோம். இறைவனை நம்பி வாழ்கின்றோம். மூன்றும் ஒன்றா? இறைவனிடத்து வைக்கும் நம்பிக்கை அன்பினாலும் ஒழுக்கத்தினாலும் வளர்வது. ஒருவனுடைய வாழ்வு முழுவதையும் பற்றிநிற்பது. “விஞ்ஞானமும் நம்பிக்கைதானே” என்று சொல்லி அதற்கு முட்டுக்கொடுக்கப் போனால், சமயத்தை உயர்த்தியவர்களாக மாட்டோம். விஞ்ஞானத்தைக் கீழே இழுத்ததனால் கோயிற் கோபுரம் ஓர் அங்குலமேனும் உயர்ந்துவிடாது.

அதுமட்டுமன்று, அச்சொல்லில் ஆபத்தும் உண்டு. எல்லாம் நம்பிக்கைதான் என்றால், எந்த நம்பிக்கையும் எந்த நம்பிக்கைக்கும் சமம் என்றாகிவிடும். அம்மாள் வருத்தம் வந்த வீட்டிலே வேப்பிலை கட்டி, வீட்டைச் சுத்தமாக வைத்து, தாயே காப்பாற்று என்று வேண்டிய நம் பாட்டிமாரின் பத்தியை நாம் இகழவில்லை. ஆனால் பெரியம்மையை உலகத்திலிருந்து ஒழித்தது, 1796இல் ஜென்னர் சோதித்துக் காட்டிய வழியிலே வளர்ந்த அம்மைப்பால் குத்தும் முறையாகும். 1980இல் உலக சுகாதார ஸ்தாபனம் அந்நோய் ஒழிந்துவிட்டது என்று பிரகடனஞ் செய்தது. அம்மை குத்த வேண்டாம் என்று தடுத்தவர்களும் தங்கள் நம்பிக்கையின்படியே நடந்தார்கள். இரண்டும் நம்பிக்கைதானே என்று அவர்களுக்கு நாம் விட்டுக்கொடுத்திருந்தால், இழப்புக் குழந்தைகளுடையதாக இருந்திருக்கும். உலகத்துப் பொருள்களைப் பற்றி நாம் எதைச் சொன்னாலும், நோயைப் பற்றியாயினும் மழையைப் பற்றியாயினும் கிரகணத்தைப் பற்றியாயினும், அதனைச் சோதனைக்கு விடுவதே நேர்மை.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கும் விஞ்ஞானத்தையும் பெரும்பாலும் உரையாகவே பெறுகின்றீர்கள். அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த உரையின் பின்னால் எத்தகைய காட்சியும் கருதலும் இருக்கின்றன என்று கேட்டறியாது மனப்பாடஞ் செய்தால், சோகி வைத்தெண்ணிய அந்தக் கணிதருக்கும் உங்களுக்கும் வேறுபாடு இராது. அவருடைய ஞாபகசக்தியும் உங்களுக்கு இராது. நிரூபித்துவிட்டார்கள் என்ற சொல்லை எளிதில் வழங்காதீர்கள். நியூற்றனின் விதியை 200 ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நிரூபிக்கப்பட்டதாகவே கருதியிருந்தது. நாளை ஐன்ஸ்ரைனையும் ஒரு சிறு பிசகு திருத்தக்கூடும். அதனை எதிர்பார்த்துக் காத்திருப்பதே விஞ்ஞானத்தின் பணிவு. அந்தப் பணிவு உள்ளவன் பெரியோரைக் கண்டு சிரிக்கமாட்டான். பெரியோர் சிரித்தாலும் வகுப்பை விட்டுப் போகமாட்டான்.

அன்று வகுப்பில் எழுந்து பேசிய தம்பி இன்று இம்மண்டபத்தில் இருக்கின்றாரோ நாம் அறியோம். இருந்தால், அன்று கைதட்டியவர்களில் ஒருவராகிய நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்கின்றோம். அவர் கேட்டது நல்ல கேள்வி. சிரிப்பு அதற்கு விடையாகாது. அளவையை முன்வைத்துத் தொடங்கும் சாத்திரத்தைப் படிக்கின்ற நாம், எவ்வாறு அறிந்தீர் என்று கேட்ட ஒருவரைச் சிரித்து இருத்தியது நம் சாத்திரத்துக்கே பொருந்தாத செயல்.

முடிவாக, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். அடுத்த சந்திர கிரகணம் நம் நாட்டிலே தெரியும் இரவிலே, நாமெல்லோரும் கோயில் வீதியிலே கூடுவோம். வாக்கிய பஞ்சாங்கம் ஒன்றும், திருக்கணித பஞ்சாங்கம் ஒன்றும், நல்ல மணிக்கூடு ஒன்றும் கொண்டுவருவோம். பெரியவர் ஒருவர் பஞ்சாங்கத்தை வாசிக்கட்டும். இளைஞர் ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். நிழல் சந்திரனைத் தொடும் கணத்தையும் விடும் கணத்தையும் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு மலரிலே உள்ளபடி வெளியிடுவோம். அதன்பின் கிரகண தோஷம் நீங்க நீராடி, எல்லோருமாக உள்ளே சென்று இறைவனை வணங்குவோம். அவ்விரவிலே காட்சிக்கும் இடமுண்டு, கருதலுக்கும் இடமுண்டு, உரைக்கும் இடமுண்டு, அன்புக்கும் இடமுண்டு.